தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தமிழ்நாட்டு வீடுகளில் தம்பி தங்கைகளை அழவைப்பதற்கு மூத்த பிள்ளைகள் கையாளும் ஆயுதம் ஒன்று உண்டு. "நீ எங்கள் வீட்டுப் பிள்ளையே அல்ல, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பதே அது. கேட்ட குழந்தை அம்மாவிடம் ஓடுவதும், அம்மா சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்வதும் நாம் அனைவரும் கண்ட காட்சிதான். ஆனால் தவிட்டை ஏன் சொன்னார்கள்? நெல்லுக்கு வாங்கினோம் என்றோ, பணத்துக்கு வாங்கினோம் என்றோ சொல்லக் கூடாதா? இந்த வேடிக்கைப் பேச்சுக்குப் பின்னால், வேடிக்கையே அல்லாத ஒரு பழைய வழக்கம் மறைந்து கிடக்கிறது. அதை அறிந்துகொண்டால், நம் ஊர்களில் வழங்கும் விசித்திரமான பெயர்கள் பலவற்றின் பொருளும் விளங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தேசத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, ஆண்டு நிறைவைக் காணாமலே மறைந்தது. அம்மையும் பேதியும் காய்ச்சலும் ஒரு வீட்டில் புகுந்தால், தொட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் போகும். மருந்துக்கு வழியில்லாத தாய் தகப்பன்மார் யமனை எதிர்த்து நிற்க முடியாது. ஆனால் ஏமாற்றிப் பார்க்கலாம் அல்லவா? அவன் அருமையான பொருளைத்தான் நாடி வருகிறான், அற்பமானதை ஏறெடுத்தும் பாரான் என்று அவர்கள் நம்பினார்கள். ஆகவே, முன் பிறந்த மக்களைப் பறிகொடுத்த தாய், அடுத்த குழந்தை பிறந்ததும் அதை அண்டை வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிடுவாள். பிறகு சிறிது தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். மாட்டுக்கு வைக்கும் தவிட்டின் விலையே பெறும் பிள்ளையை யமன் எதற்காகத் தூக்கிச் செல்லப் போகிறான்?

குப்பையும் பிச்சையும்

தவிடு ஒரு வழி. குப்பை இன்னொரு வழி. பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து வந்து, "குப்பையில் கண்டெடுத்தோம்" என்று சொல்லிப் பெயரையும் அப்படியே வைத்துவிடுவார்கள். குப்பன், குப்பு, குப்பம்மாள், குப்புசாமி என்னும் பெயர்களில் பல இவ்விதம் தோன்றியவையே. மண்ணாங்கட்டி என்ற பெயரும் இந்த வகுப்பைச் சேர்ந்தது. ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி, மூக்கன் என்று அழைப்பதும் உண்டு. அங்கத்தில் ஒரு குறை செய்துவிட்டால், குறையுள்ள பண்டத்தை யமன் விரும்பமாட்டான் என்பது இதற்குச் சொல்லும் காரணம்.

இவை எல்லாவற்றிலும் மனத்தை உருக்குவது பிச்சை என்னும் பெயர். சிவபெருமானே பிச்சாடனராக ஓடு ஏந்தியவர் ஆதலால், பிச்சாண்டி போன்ற பெயர்கள் பக்தியினாலும் வந்திருக்கின்றன. ஆனால் பிச்சை, பிச்சமுத்து, பிச்சையம்மாள் என்று பெயர் பூண்டவர்களில் பலர், முன்னே பிறந்த குழந்தைகள் தவறிய பின் பிறந்தவர்கள். குழந்தையைக் கோயில் சந்நிதியில் கிடத்திவிட்டு, தெய்வம் இட்ட பிச்சையாக அதை மடியில் ஏந்திக்கொள்வாள் தாய். சொந்தம் என்று உரிமை கொண்டாடினால் அல்லவா பறிபோகும் என்னும் அச்சம்! அந்தப் பெயரைக் கேட்டு நகைப்பவர்கள், அதற்குமுன் அந்த வீட்டில் எத்தனை அழுகைகள் எழுந்தன என்பதை அறியமாட்டார்கள்.

தெலுங்கு நாட்டிலே பிச்சய்யாவும் உண்டு, பெண்டய்யாவும் உண்டு. பெண்ட என்றால் குப்பை. வங்காளத்தில் தின்கௌரி, பாஞ்ச்கௌரி என்று பெயர் வைத்தார்கள். மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் வாங்கிய பிள்ளைகள் என்று அர்த்தம். சீன தேசத்துக் கிராமங்களில் 'நாய் தின்ற மிச்சம்' என்று பொருள்படும் பெயரைக்கூட அருமை மகனுக்குச் சூட்டினார்கள். ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களோ, மக்களை இழந்த வீட்டில் பிறந்த சிசுவை ஆல்ட்டர், அதாவது 'கிழவன்' என்று கூப்பிட்டார்கள். கிழவனை மரணம் தேடி வந்தால், அங்கே ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டு திகைத்துத் திரும்பிவிடும் அல்லவா? தாயின் பயம் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

மூன்று பிடி நொய்

இந்த வழக்கத்தினால் பெயர் பெற்ற ஒருவரைத் தேசம் முழுவதும் அறியும். வங்காளத்து மிதுனாப்பூர் ஜில்லாவில், திரைலோக்கியநாத் போஸ் என்பவருக்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து இறந்துபோயின. 1889-ஆம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி மறுபடியும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் லக்ஷ்மிப்ரியா அதைத் தன் மூத்த மகளுக்கே 'விற்றுவிட்டாள்'. விலை மூன்று பிடி நொய்யரிசி. 'குத்' என்னும் வங்காளச் சொல்லுக்கு நொய் என்று பொருள். ஆகவே பிள்ளைக்குக் குதிராம் என்று பெயர் வந்தது.

முஸபர்பூர் வெடிகுண்டு வழக்கில், 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி தூக்குமேடை ஏறிய குதிராம் போஸ் அவர்தாம். அப்பொழுது அவருக்குப் பதினெட்டே வயது. யமனிடமிருந்து மறைப்பதற்காக நொய்யின் விலைக்கு விற்கப்பட்ட பிள்ளையின் பெயரைத் தேசம் இன்றும் மறக்கவில்லை.

போதும் என்று ஒரு பெயர்

இதுவரை சொன்ன பெயர்களில் வாய் ஒன்று சொல்ல, மனம் வேறொன்று சொல்லிற்று. 'குப்பை' என்று வாய் சொல்லும். 'என் கண்ணே' என்று மனம் சொல்லும். ஆனால் வாயும் மனமும் ஒன்றாகவே பேசிய பெயர்களும் நம்மிடையே இருக்கின்றன. அவற்றைச் சூடியவர்கள் எல்லோரும் பெண்கள்.

வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் வேண்டாம் என்றே பெயர் வைத்தார்கள். கச்சேரியை மங்களம் பாடி முடிப்பதுபோல், பெண் பிறப்பும் முடியட்டும் என்று மங்களம் என்று வைத்தவர்களும் உண்டு. வேம்பு என்பது மாரியம்மனுக்கு உகந்த மரத்தின் பெயர். எனினும், மூன்றாவது பெண்ணுக்கு அப்பெயரை இட்டால் அடுத்தது ஆணாகும் என்று நம்பி வைத்த வேம்புகளும் அநேகர். வங்காளத்தில் ஆன்னாகாளி என்ற பெயர் இருக்கிறது: 'இனி வேண்டாம், காளி' என்று அதற்கு அர்த்தம். மகாராஷ்டிரத்திலே நகுசா என்றால் 'வேண்டாதவள்'.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பெயர்களின் பாரம் கொஞ்சம் தெரியும். ஆஜர்ப் பட்டியைப் படிக்கும்போது பிச்சை என்றால் வகுப்பு சிரிக்கும். அந்தப் பையனும் சேர்ந்து சிரித்துவிடுவான். பெயர்க் காரணத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னால், அவன் தலை நிமிர்கிறது. ஆனால் போதும்பொண்ணு என்று பெயர் கொண்ட சிறுமிக்கு எந்தக் காரணத்தைச் சொல்லித் தேற்றுவது? "நீ பிறந்தபோது யாரும் மகிழவில்லை" என்பதையா? தினந்தோறும் காலையில், நாற்பது பேர் நடுவில், அவள் அதற்கு "உள்ளேன்" என்று பதில் சொல்லியாக வேண்டும்.

மகாராஷ்டிரத்துச் ஸதாரா ஜில்லாவில் 2011-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஒரு நல்ல காரியம் நடந்தது. நகுசா போன்ற பெயர்களைச் சுமந்த 285 பெண்களை ஜில்லா அதிகாரிகள் ஒரு விழாவுக்கு அழைத்து, புதுப் பெயர் எழுதிய பத்திரங்களை அளித்தார்கள். ஆனால், பெயர் மாறிய வீட்டில் மனமும் மாறவேண்டும்.

இனி என்ன செய்வது?

2020-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, நம் தேசத்தில் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 28. தடுப்பு ஊசியும் நல்ல தண்ணீரும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகு, யமனை ஏமாற்றுவதற்குத் தவிடு வேண்டியதில்லை. ஆகவே குப்பனும் பிச்சையும் குறைந்து வருவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அப்பெயர்களைத் தாங்கிய தாத்தா பாட்டிமாரைப் பற்றிப் பேரக் குழந்தைகள் கூச்சப்படுவது தகாது. "தாத்தா, உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள்?" என்று அருகில் உட்கார்ந்து கேட்கட்டும். எந்தப் புஸ்தகத்திலும் ஏறாத குடும்ப சரித்திரம் அப்பொழுது வெளிவரும்.

போதும், வேண்டாம் என்ற பெயர்களின் கதை வேறு. அவற்றைப் பாட்டியின் ஞாபகமாகக்கூட மறுபடி சூட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே சூட்டப்பட்டவர்கள் விரும்பினால், அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கோ அவசரமே இல்லை. பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயரைப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குள், வைக்க நினைக்கும் பெயரைத் தகப்பனார் தாமே ஒரு முறை தெருவில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். நாற்பது பேர் நடுவில் அதற்குப் பதில் சொல்லப் போகிறவள் அவருடைய மகள்.