புலியின் நிறை எவ்வளவு?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் முதலில் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே பாணி மருந்தின் அளவைச் சொல்கிறார். மருந்து உடலின் நிறைக்கேற்பவே கொடுக்கப்பட வேண்டும். காட்டுப் புலிக்கும் இதே விதிதான். ஆனால் அதை யார் தராசில் ஏற்றுவது?

புலியின் கழுத்தில் ரேடியோப் பட்டி கட்ட விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் அதற்கு மயக்க மருந்து செலுத்துகின்றனர். அதற்கு முன் நிறையைக் கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். குறைத்து மதிப்பிட்டால் புலி பாதியில் விழித்துக்கொள்ளும்; கூட்டி மதிப்பிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. எனவே சரியான சராசரி அவசியமாகிறது.

பழைய வேட்டைக்காரர் கணக்குகளை அப்படியே ஏற்க முடியாது. உடலின் வளைவுகள் மீது நாடா வைத்து அளந்தால், மூக்கிலும் வால் நுனியிலும் முளையடித்து நேராக அளப்பதை விடச் சில அங்குலம் கூடிவிடும். இரை தின்ற புலியை நிறுத்தால் வயிற்றிலுள்ள இறைச்சியும் சேர்ந்துவிடும்.

இடத்துக்கு இடமும் வேறுபாடு உண்டு. ரஷ்யாவின் தூர கிழக்கில் 1992 இல் தொடங்கிய ஆய்வில் பிடித்து நிறுக்கப்பட்ட புலிகளின் சராசரி, ஆணுக்குச் சுமார் 176 கிலோ, பெண்ணுக்கு 118 கிலோ என 2005 இல் வெளியானது. பங்களாதேஷின் சுந்தரவனத்திலோ நிறுக்கப்பட்ட 3 பெண் புலிகளின் சராசரி சுமார் 77 கிலோதான். மூன்றை வைத்து முடிவு சொல்லவும் முடியாது.

எனவே சகோதரிகளே, “புலி இத்தனை கிலோ” என்று பிள்ளைகள் படித்துவந்து சொன்னால், “எந்த நாட்டில்? ஆணா, பெண்ணா? எத்தனை புலிகளை நிறுத்தார்கள்?” என்று கேளுங்கள். கேட்டறியும் பழக்கம் வீட்டிலேயே தொடங்கட்டும்.