ஒரு கையெழுத்தின் எடை

1989 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழகச் சட்டமன்றம், 1991 ஜனவரி 30 அன்று கலைக்கப்பட்டது. கலைப்பைப் பரிந்துரைக்கும் அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலேயே கையெழுத்திட்டவர், தஞ்சை மண்ணில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன். குடியரசுத் தலைவர்களை எடைபோடும் வரலாற்றாசிரியர்கள் விழா உரைகளை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட கையெழுத்துகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

மத்திய அமைச்சரவை சொன்னால் குடியரசுத் தலைவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 1976-இல் வந்த 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவர் கையைக் கட்டியது உண்மைதான். ஆனால் 1978-இன் 44-ஆவது திருத்தம், மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையைக் கொடுத்தது. 1997 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் அதைப் பயன்படுத்தினார். உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரை திரும்பிப் போனது; குஜ்ரால் அமைச்சரவை அதைக் கைவிட்டது. மாநில ஆட்சிக் கலைப்புக்கு வரம்பு விதித்த 1994-இன் பொம்மை வழக்குத் தீர்ப்பு நாராயணனுக்குப் பக்கபலமாக இருந்தது, வெங்கட்ராமனுக்கு அது இல்லை என்பது நியாயமான வாதம். வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என மூன்று பிரதமர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்து, யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாத காலத்தை வெங்கட்ராமன் நிதானமாகக் கடத்தியதையும் வரவில் எழுதத்தான் வேண்டும். ஆனாலும், ஆளுநரே மறுத்த ஒரு பரிந்துரைக்கு விளக்கம் கேட்டு ஒருமுறை திருப்பி அனுப்ப, எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.