பொதுப் பெட்டியும் தனித்தனிச் சாவியும்



தோட்டத்து வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சேமநிதிக் கணக்குத் தாள் எல்லாம் அதில்தான். பிள்ளைக்கு 12 வயதானால் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். அப்போது பத்திரம் கரையான் அரித்துக் கிடந்தால் குடும்பமே அலைய நேரிடும். நகல் ஒன்று இருந்தால் பதிவு எண்ணையாவது அது காட்டிக் கொடுக்கும்.

இன்று அந்த நகல்களைப் பலரும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க உதவும் கருவியை ‘நாஸ்’ என்பார்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். இணையக் கருவியோடு கம்பியால் இணைத்தால், அதே இணைப்பிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் அதைத் திறக்கலாம்.

நாங்களும் பள்ளியில் ஒன்று வைத்தோம். எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒரு நாள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பத்திர நகல்களைக் காணோம்! அழித்தவர் யார்? கருவியின் பதிவில் அந்த ஒரே பெயர்தான் இருந்தது. ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். நல்லவேளை, ஓர் ஆசிரியை தனியே வைத்திருந்த பிரதி கைகொடுத்தது. அன்று நாங்கள் கற்ற பாடங்களைக் கேளுங்கள்.

முதலாவது, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல்.

இரண்டாவது, ஆசிரியர், சங்கச் செயலவை, மாணவர் எனக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கே உரிமை கொடுக்க வேண்டும். புதியவரைக் குழுவில் சேர்த்தால் போதும். விலகியவரை நீக்கினால் போதும்.

மூன்றாவது, உரிமை மூன்று வகை: படிக்க மட்டும், படிக்கவும் எழுதவும், அனுமதி இல்லை. செக்ரோல் புத்தகத்தில் நம் பேர் இருக்கிறதா என்று நாம் பார்க்கலாம். எழுதுபவர் கிராணியார் மட்டுமே. அதுபோலத்தான் இதுவும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால் என்ன ஆகும்? சினாலஜி நிறுவனத்தின் கருவிகளில் ‘அனுமதி இல்லை’ என்பதே மற்ற இரண்டையும் வெல்லும். ஆகவே அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

நான்காவது, கருவியிலுள்ள குப்பைத் தொட்டி வசதியை இயக்கி வையுங்கள். தவறி அழித்ததை அதிலிருந்து மீட்கலாம்.

ஐந்தாவது, இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே விவரம் பதிவாவதால் பயம் இல்லை என்று எண்ணாதீர்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும். வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறோர் இடத்தில் வையுங்கள். 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் நச்சு நிரல் உலகெங்கும் கணினிக் கோப்புகளைப் பூட்டியபோது, தனிப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அதுவே துணையாயிற்று.

நேயர்களே, பிறர் நம்மை நம்பிக் கொடுத்த பத்திரம் அவர்கள் பிள்ளையின் எதிர்காலம். எல்லாரிடமும் ஒரே சாவி இருந்தால், காவலுக்கு யாருமே இல்லை என்றுதான் பொருள்.