அட்டையைத் தூக்கினா சட்டம்!

மே மாசம் முதல் ஞாயிறு. ரயில் பிடிச்சு கிளாரூஸ் போயிருந்தேன். சுவிஸ்ல, ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல லிந்த் ஆத்துப் பள்ளத்தாக்கை ஒட்டின குட்டி கான்டன் (நம்ம மாநிலம் மாதிரி). சுமார் 40,000 பேர். தேசிய சபைக்கு மொத்தமே ஒரு உறுப்பினர்தான்!

ஆனா கான்டன் சட்டமெல்லாம் நடு மைதானத்துலதான் முடிவாகுது. ஓட்டு இருக்கற யாரும் மேடையேறித் திருத்தம் சொல்லலாம். அப்புறம் எல்லாரும் வாக்கு அட்டையைத் தூக்கணும். எண்றதெல்லாம் கிடையாது. தலைவர் கண்ணாலேயே பார்த்து, எது பெரும்பான்மைன்னு சொல்லிடுவார். அவ்ளோதான்.

2006-ல நடந்ததுதான் செம கூத்து. அப்போ 25 ஊராட்சிகள். அதை 10 ஆக்கலாம்னு ஒரு திட்டம் சபைக்கு வந்தது. ஒரு சாதாரணக் குடிமகன் மேடையேறி '3 போதும்'னார். சபை ஏத்துக்கிட்டது! எதிர்த்தவங்க சும்மா விடலை. 2007 நவம்பர்ல சிறப்பு சபையைக் கூட்ட வெச்சாங்க. மறுபடியும் 3-தான். 2011-லேர்ந்து அமல். அதே 2007 மே மாசம் ஓட்டு வயசையும் 16 ஆக்கிட்டாங்க.

ஒண்ணுதான் நெருடுது. ரகசிய ஓட்டு இல்லை. பக்கத்துல உங்க முதலாளி நின்னா அட்டை தானா உசருமா? பள்ளத்தாக்கோட கடைசில இருக்கற லிந்தாலுக்கும் இப்போ தனி ஊராட்சி இல்லை.

ஆனாலும், ஊராட்சி வேணுமா வேண்டாமான்னு ஊர்க்காரங்களையே ரெண்டு தடவை கேட்டிருக்காங்களே! ஓட்டில்லாத நான் வெளியே நின்னு பொறாமையோட வேடிக்கை பார்த்தேன்.