பழைய டயல் போனும் பழைய டிஷ்ஷும்

சரக்கு விலையும் வரி விவரமும் வருகிற இந்தப் பக்கத்தில் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் இதே ஆசையில் பெரிய வம்பை விலைக்கு வாங்க இருந்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வற்றல் மண்டியில் தகப்பனார் காலத்துக் கருப்பு டயல் போன் ஒன்று இருக்கிறது. குண்டூர் விலை கேட்க டிரங்க் கால் பதிந்துவிட்டு அதன் முன்னால் அரை நாள் காத்திருந்தவன் நான். லைன் போன பிறகு தூக்கி எறிய மனம் வரவில்லை. துடைத்து, உள்ளே பார்க்கத் தொடங்கியதில் வந்ததுதான் இந்தப் பழக்கம்.

டயல் போனின் சூட்சுமம் எளிது. எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கம்பியில் 48 வோல்ட் வரும். டயலைச் சுற்றி விட்டால் அது திரும்பும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 5 சுற்றினால் 5 துண்டிப்பு, 0 சுற்றினால் 10. வேகம் நொடிக்குப் பத்து. இன்றைய பைபர் இணைப்புப் பெட்டிகள் பலவற்றுக்கு இந்தக் கணக்குப் புரியாது. மணி அடிக்கும், பேசலாம். நம்பர் மட்டும் போகாது. துடிப்பை டோனாக மாற்றும் சிறு கருவி வைத்தால் சரியாகும். மணி அடிக்கும்போது கம்பியில் சுமார் 75 வோல்ட் ஓடும். அந்த நேரம் கை வைக்காதீர்கள். குரல் மங்கலாக இருந்தால் பேசும் பக்கத்துக் கரித்தூள் இறுகியிருக்கும். மெதுவாகத் தட்டினாலே பாதி சரியாகும்.

சாட்டிலைட் சங்கதிக்கு வருவோம். 1971இல் புனே அருகே ஆர்வியில் தரைநிலையம் திறந்த பிறகுதான் வெளிநாட்டுப் பேச்சு நமக்குச் செயற்கைக்கோள் வழியே வந்தது. கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். நம் குரல் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வந்து சேர இன்னொரு கால் நொடி. அதனால்தான் அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் பேசியவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்தார்கள். கப்பல்களுக்கு இன்மார்சாட் வந்தது. அதன் ‘ஏ’ வகைச் சேவை 2007 முடிவில் நிறுத்தப்பட்டது. அந்தக் கருவிகள் கப்பலோடு சேர்ந்து உடைக்கப்பட்டு இரும்புக் கடைக்கு வந்துவிட்டன.

என் ஏற்பாடு இதுதான். கடையில் ஒரு சிறிய இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச். அதில் தகப்பனார் போன், கிடங்கில் இன்னொரு டயல் போன், தூத்துக்குடிக் காயலான் கடையில் வாங்கிய கப்பல் மேசைத் தொலைபேசி. மொட்டை மாடியில் கேபிள்காரர் கழித்துப் போட்ட பத்தடி டிஷ். அதோடு வந்த பழைய ரிசீவர் எதற்கும் உதவாது. அந்த ஒளிபரப்பு முறையே போய்விட்டது. டிஷ் மட்டும் இன்றும் உழைக்கிறது. இலவச அலைவரிசை பிடிக்கும் டிஜிட்டல் ரிசீவரின் ஒலிக் கம்பியை எக்ஸ்சேஞ்சின் ‘ஹோல்டு’ இசைத் துளையில் செருகிவிட்டேன். கிடங்கிலிருந்து கூப்பிடுபவரைக் காத்திருக்கச் சொன்னால், வானத்திலிருந்து இறங்கும் செய்தி பழைய போனில் கேட்கிறது. கரகரப்பும் சேர்ந்துதான்.

வம்பு என்றேனே, அது இது. அந்தக் காயலான் கடைக்கு என்னோடு வந்த நண்பரிடம் கடைக்காரர் ஒரு கையடக்கச் சாட்டிலைட் போனை நீட்டினார். “அண்ணாச்சி, இது இன்னும் உயிரோட இருக்கு, கடல் நடுவுலயும் பேசலாம்” என்றார். நண்பர் முன்பணம் எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். துராயா, இரிடியம் போன்ற போன்களை நம் நாட்டில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. 1933ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொன்னது, 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. விவரம் தெரியாமல் கொண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதானதும் உண்டு. பில் இல்லாத சரக்கு என்று நாம் வழக்கமாகப் பயப்படுவதைவிட இது பல மடங்கு பெரிய விஷயம்.

ஆகவே பழைய பொருள் வாங்கும்போது, அது அலையை அனுப்பும் கருவியா, வாங்கும் கருவியா என்று முதலில் கேளுங்கள். கப்பல் தொலைபேசி வாங்கிய அன்று நானும் மேசைக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அனுப்பும் பெட்டியைக் கடையிலேயே விட்டு வந்தேன். பில் கேட்டு வாங்கினேன். அதில் ‘பழைய டெலிபோன் 1’ என்று எழுதித் தந்தார்கள்.