கேஸ் குழாயை அடைக்கும் பனி... காய மருந்தில் இருக்கு தீர்வு!

மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாணச் சமையல் நடக்கும் இடத்தை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய அடுப்பில் சாம்பார் தளதளவென்று கொதிக்கும். பக்கத்தில் நிற்கும் கேஸ் சிலிண்டரோ, சித்திரை வெயிலிலும் வியர்த்து, அடியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை உறிஞ்சிவிடுவதுதான் காரணம். வெளியே படியும் அந்தப் பனி, துடைத்தால் போய்விடும்.

கடலுக்கு அடியில் ஓடும் எரிவாயுக் குழாய்களில் உருவாகும் பனி வேறு ரகம். அது குழாய்க்கு உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பெயர், ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி, நடுவில் மீத்தேனைச் சிறை வைத்தால் அது உருவாகும். பார்க்க ஐஸ் கட்டி. தீக்குச்சியைக் காட்டினால் எரியும்! இது உறைய பூஜ்ஜியம் டிகிரி குளிர்கூடத் தேவையில்லை. அழுத்தம் அதிகமாக இருந்தால் 15, 20 டிகிரியிலேயே உறைந்துவிடும். எரிவாயுக் குழாய்களை அடைப்பது சாதாரண ஐஸ் அல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று 1934-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் ஹாமர்ஷ்மிட்.

அடைத்துவிட்டால் சூடுகாட்டி உருக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கியிருக்கிறது. உருகும் வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் குழாயே வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால், அடைப்பு துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். அப்படி உயிரிழந்த தொழிலாளர்களும் உண்டு. அதனால் இரு பக்கமும் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட எண்ணெய்க் கிணறு விபத்து நினைவிருக்கலாம். கசிவைப் பிடிக்க சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்கு ராட்சத இரும்புக் கூண்டை இறக்கினார்கள். அதன் வாயையே ஹைட்ரேட் அடைத்துவிட்டது. பின்னர் இறக்கிய மூடிக்குள் மெத்தனாலைச் செலுத்திச் சமாளித்தார்கள்.

நம் பக்கத்திலும் இதே கவலைதான். ஆந்திராவின் காக்கிநாடா அருகே, கிருஷ்ணா - கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியில் 2009 ஏப்ரலில் எரிவாயு உற்பத்தி தொடங்கியது. கிணறுகள் ஆழ்கடலில், அங்கே குளிரும் அதிகம், அழுத்தமும் அதிகம். அங்கே உதவுவது மோனோ எத்திலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருக்கும் அதே சரக்கு! அதைக் கிணற்றருகிலேயே குழாய்க்குள் செலுத்துகிறார்கள். அது தண்ணீரோடு கலந்து, கூண்டு கட்ட விடாமல் தடுக்கும். கரைக்கு வந்ததும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிரித்துவிட்டு, கிளைக்காலைத் திரும்பவும் கடலுக்கடியில் அனுப்பலாம்.

மெத்தனாலும் இந்த வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்தான். இன்னொரு தலைவலி, அளவு. குழாயில் 100 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால், இடத்தைப் பொறுத்து 20 முதல் 50 லிட்டர் வரை மெத்தனாலோ கிளைக்காலோ வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய அறிமுகம் வருகிறது. முழங்காலில் சிராய்ப்பு என்றால் அம்மாக்கள் தடவும் பழுப்பு நிற 'போவிடோன் அயோடின்' மருந்து தெரியும்தானே? அதிலுள்ள போவிடோன், அதாவது பாலிவினைல் பைரோலிடோன், ஹைட்ரேட்டை அடக்கும் என்று 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். வளரப் பார்க்கும் படிகத்தின் மேல் இது ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாமல் இழுத்தடிக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும், பல நேரம் அதற்கும் குறைவு. ஆனால் தாமதப்படுத்துமே தவிர, முழுசாகத் தடுக்காது. குளிர் கடுமையானால் கைவிட்டுவிடும். இதைவிட வலுவான பாலிமர்கள் பின்னால் வந்தன. அவற்றில் சில கடலில் எளிதில் மக்குவதில்லை என்ற குறையும் கூடவே வந்தது.

மதுரைக்காரர்கள் பயப்பட வேண்டுமா? வேண்டாம். எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் எரிவாயு, மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கப்பட்டுத் திரவமாக்கப்பட்டது. அதற்கு முன்பே அதிலிருந்த ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் ஹைட்ரேட்டுக்கு வேலை இல்லை.

சமையல்கார அண்ணன்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பனி பூத்த சிலிண்டர் மேல் கொதிக்கும் வெந்நீரை ஊற்றாதீர்கள், அடியில் நெருப்பும் காட்டாதீர்கள். ஏஜென்சி ஆளை வைத்து இரண்டு மூன்று சிலிண்டர்களை முறையாக இணைத்துக்கொண்டால், ஒரே சிலிண்டரில் சுமை விழாது. பனி பிடிப்பதும் குறைந்துவிடும்.