எலியின் வால் சொன்ன சேதி

"காலெல்லாம் தீயாய் எரிகிறதே!" என்று முனகுவார், வீட்டிலுள்ள சர்க்கரை வியாதிக்காரர். பார்த்தால் சிவப்பும் இராது, வீக்கமும் இராது. "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிட்டு நாம் அடுப்பங்கரைக்குப் போய்விடுவோம். அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவர் வந்திருக்கிறார். வேறு யாருமில்லை, எலியார்தான்!

எலிக்குப் பேச வராது; அதன் வால் பேசும். வாலின் மேல் விளக்கின் சூட்டைப் பாய்ச்சினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுவார்கள். 1941-ல் டி'அமோர், ஸ்மித் என்ற இருவர் வகுத்த சோதனை இது.

எலிக்குச் சர்க்கரை வியாதி ஏது? ஸ்ட்ரெப்டோஸோடோஸின் என்ற மருந்தை ஊசி போட்டால், கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. சில நாளில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. அப்புறம் பாருங்கள்: மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் அழுத்தத்துக்கே இந்த எலிகள் பல, காலை இழுத்துக்கொள்கின்றன!

"வலிக்குத்தான் மருந்து இருக்கிறதே" என்பீர்கள். அங்கேயும் இடி விழுகிறது. அபினிலிருந்து எடுக்கும் மார்பின், கடும் வலிக்குப் பேர்போன மருந்து. 1981-ல் அமெரிக்காவில் ஸைமன், ட்யூயி முதலியோர், நீரிழிவு கண்ட எலிகளிடம் அதன் வீரியம் குறைவதைக் கண்டார்கள். நோயில்லாத சுண்டெலிக்குச் சர்க்கரைக் கரைசலை ஏற்றியபோதும் அதே கதைதான்!

நரம்பணுவில் மார்பினுக்கென்று ஒரு பூட்டு உண்டு. சாவி பழைய சாவிதான். சர்க்கரை ஏறிய உடம்பில் பூட்டு சரியாகத் திரும்புவதில்லை. வேறு வகைப் பூட்டைத் திறக்கும் மருந்துகளோ நன்றாகவே வேலை செய்தன என்று, பின்னர் ஜப்பானில் காமெயி குழுவினர் கண்டார்கள்.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நீரிழிவு மனிதரின் நரம்பையும் கெடுக்கிறது என்பது நிச்சயம். முதலில் எரிச்சல், நாளாவட்டத்தில் சிலருக்கு மரத்தே போய்விடும். "அப்பாடா, வலி விட்டது" என்று நிம்மதி கொள்ளாதீர்கள். ஆபத்து அப்போதுதான் அதிகம். முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆறவும் நாளாகும்.

ஆகவே, மாத்திரை கேட்கவில்லையென்றால், நீங்களாக இன்னொன்றைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இரவு படுக்குமுன் பாதங்களை, விரலிடுக்கு உட்பட, விளக்கடியில் பார்த்துவிடுங்கள்.

இனி "கால் எரிகிறது" என்ற குரல் கேட்டால், அடுப்பைச் சற்றே தணித்துவிட்டு வந்து பாருங்கள். எலியின் வாலுக்குக் கொடுத்த மரியாதையை வீட்டுப் பெரியவரின் வாய்க்கும் கொடுக்கலாமல்லவா?